கொழுந்துக்குத் திறந்த ஜன்னல்கள்

இலங்கையில் நுவரெலியாவுக்கு அருகே கந்தப்பளையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரத்தில், தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே தகரம் போர்த்திய பெரிய கட்டடம் ஒன்று நிற்கிறது. மாடிக்கு மாடி வரிசையாக ஜன்னல். சுவரில் ஜன்னல் வைத்தார்களா, ஜன்னல்களை நிறுத்திவைக்கச் சுவர் எழுப்பினார்களா என்று கேட்கத் தோன்றும். 1930களில் ஹெதர்செட் தோட்டத்தின் தேயிலை ஆலையாக எழுந்தது அது. ஹெதர்செட் என்பது இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் உள்ள ஒரு சிற்றூர். தங்கள் ஊர்ப் பெயர்களை மலைச்சரிவுகளுக்குச் சூட்டிவிட்டுப் போவது பிரிட்டிஷ் தோட்டத் துரைமார் வழக்கம். 1970களின் தொடக்கத்தில் இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள். இருபது ஆண்டுகள்போலச் சும்மா கிடந்த கட்டடத்தை 1996இல் எய்ட்கன் ஸ்பென்ஸ் நிறுவனம் விடுதியாகத் திறந்தது. வடிவமைத்தவர் நிஹால் போதிநாயக்க. இன்று ஐம்பதுக்கு மேற்பட்ட அறைகள். பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு வரலாம் என்று நினைப்பவர்கள் போகும் இடம்.

அந்த ஜன்னல்கள் துரைமாருக்கு வைத்தவை அல்ல. ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு வைத்தவையும் அல்ல. கொழுந்துக்கு வைத்தவை.

மலையகத்துத் தோட்டங்களில் தேயிலை ஆலையை ‘ஸ்டோர்’ என்பார்கள். மலையில் பறித்து, நிறுத்து, ஸ்டோருக்கு வந்துசேரும் பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்கு நீர். அதை அப்படியே உருட்டும் இயந்திரத்தில் போட்டால் நைந்து கூழாகிவிடும். முதலில் வாட்ட வேண்டும். பழைய ஆலைகளின் மேல்மாடிகள் முழுவதும் இந்த வாட்டலுக்குத்தான். சாக்குத்துணியை இழுத்துக் கட்டிய தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கடுக்காக, ஆள் நடக்க மட்டும் இடைவழி விட்டு, தளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீண்டிருக்கும். கொழுந்தைக் கை நிறைய அள்ளி, ஒன்றன்மேல் ஒன்று கனமாகப் படியாமல் மெல்லிசாகத் தூவ வேண்டும். பன்னிரண்டு மணி நேரம், சில நாள் பதினெட்டு மணி நேரம் அது அப்படியே கிடக்கும். காற்று நன்றாகக் காய்ந்திருக்கும் நாளில் ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும். மழை பிடித்துக்கொண்டால் ஜன்னல்களை மூடி, கீழ்த்தளத்தில் தேயிலை உலர்த்தும் இயந்திரத்தைச் சுற்றிய சூட்டுக் காற்றை மாடிக்கு ஏற்றி, ஆளுயர விசிறிகளால் தட்டுகளின் ஊடே ஓட்டுவார்கள். வாட்டல் சரியாக அமைந்துவிட்டதா என்பதை இலையைக் கையில் பிடித்துப் பந்துபோல அழுத்திப் பார்த்துச் சொல்லும் அனுபவசாலிகள் இருந்தார்கள். பட்டுத்துணிபோல மடங்க வேண்டும், காம்பு ஒடியக் கூடாது.

1950களுக்குப் பிறகு இதற்கும் குறுக்குவழி வந்தது. நீண்ட தொட்டியின் அடியில் கம்பிவலை, வலைக்குக் கீழிருந்து விசிறிக் காற்று. கொழுந்தை அடுக்காகக் கொட்டிவிடலாம். கொஞ்ச இடத்தில் நிறைய வாட்டலாம். மாடிக்கு மேல் மாடி கட்டியதற்கான காரணமே அதோடு கரைந்துபோனது.

ஆலையை வீடாக்குவது, விடுதியாக்குவது பற்றிய பேச்சு பெரும்பாலும் தோற்றத்தைச் சுற்றியே நடக்கிறது. செங்கல்லின் நிறம், வார்ப்பிரும்புத் தூண், ஓங்கிய புகைபோக்கி. எனக்கு முதலில் கேட்கத் தோன்றுவது வேறு. இந்தக் கட்டடம் எந்தச் சரக்குக்காகக் கட்டப்பட்டது? அந்தச் சரக்குக்கு வெளிச்சம் பிடிக்குமா, காற்று பிடிக்குமா? கொழுந்துக்கு வேண்டியதும் விடுதியில் தங்க வருபவருக்கு வேண்டியதும் ஏறக்குறைய ஒன்றுதான்: நாலு பக்கமும் ஜன்னல், திறக்கவும் மூடவும் வசதி, குளிர்ந்தால் கொஞ்சம் சூடு. சிமென்ட்டுக்கு ஈரக்காற்று ஜென்மப் பகை. எரிவாயுவுக்கு வெளிச்சத்தால் ஒரு பயனும் இல்லை. பஞ்சு நூலுக்கு வெளிச்சம் வேண்டும், வெயில் கூடாது. ஈரப்பதம் வேண்டும், வீசும் காற்று கூடாது. நூற்பாலைக் கூரையை ரம்பப் பல்போல அமைத்து, வடக்குப் பார்த்த சரிவுகளில் மட்டும் கண்ணாடி போட்டது அதனால்தான். அந்தக் கூடத்தின் நடுவில் நின்றால் தலைக்கு மேல் வெளிச்சம் நிரம்பி வழியும். பார்க்க ஒரு ஜன்னல் இருக்காது. ஓவியக்கூடமோ சந்தையோ நடத்த அருமையான இடம். நாலு சுவர் வைத்துக் குடித்தனம் பண்ணச் சொன்னால் மனம் வராது.

கந்தப்பளையில் கொழுந்து வாடிய தளங்களே படுக்கையறைகளாயின. நீண்டு ஒடுங்கிய தளம். ஜன்னல் வரிசையை ஒட்டி அறைகள், நடுவில் நடைபாதை. கட்டடத்தின் நடுப்பகுதியில் தளங்களைத் திறந்துவிட்டு, கீழிருந்து மேல்வரை இரும்புத் தூணும் உத்திரமும் தெரிகிற கூடமாக்கினார்கள். மேலே போனால் பழைய விசிறிகள் சுவரில் அப்படியே இருக்கின்றன. ஆலையை ஓட்டிய பழைய எஞ்சினையும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். வேறெங்கோ கழற்றி எறிந்திருக்கக்கூடிய கப்பியும் சக்கரமும் இங்கே அலங்காரம்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஜன்னலை மாற்றாமல் அறை பிரித்ததுதானே என்று தோன்றலாம். இந்த மாதிரி வேலைகளில் கையைக் கடிப்பது கழிப்பறை. நூறு பேர் வேலை செய்த ஆலைக்கு முற்றத்து ஓரத்தில் நாலைந்து கழிப்பறைகள் இருந்தால் அந்தக் காலத்தில் அது தாராளம். அறைக்கு ஒரு குளியலறை என்று வந்துவிட்டால், தண்ணீரே ஏறியிராத மாடிகளுக்கு ஐம்பது இடத்தில் தண்ணீர் ஏற்றி, ஐம்பது இடத்தில் இறக்க வேண்டும். இலையின் கனத்துக்குப் போட்ட தளத்தின் மேல் தரை ஓடுகளும் சிமென்ட்டும் ஏற்ற வேண்டும். தகரச் சுவர் வெயிலில் காயும், இரவில் உறையும். உள்ளே இன்னொரு சுவர் வேண்டும். மரத்தளத்தில் மேல்வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றும் சத்தம்கூடக் கீழே கேட்கும். மரபுக் கட்டடம் பற்றிய வழவழப்பான புத்தகங்களில் இந்தக் குழாய்களின் படத்தை நான் பார்த்ததில்லை.

கொழுந்துக்கு நேர் எதிரான சரக்கு எரிவாயு. வியன்னாவின் சிம்மரிங் பகுதியில் 1896க்கும் 1899க்கும் இடையே கட்டிய நான்கு எரிவாயுக் கலன்கள் உள்ளன. ஒவ்வொன்றும் சுமார் 70 மீட்டர் உயரம், 60 மீட்டர் விட்டம், 90,000 கனமீட்டர் கொள்ளளவு. நிலக்கரியைச் சுட்டு எடுத்த வாயுவை அங்கே சேர்த்துவைத்து நகரத்துத் தெருவிளக்குகளுக்கு அனுப்பினார்கள். வெளியே பார்த்தால் கோட்டைபோல் செங்கல் வட்டம், வளைவு, அலங்காரம். அந்தச் செங்கல் ஒரு பிடி வாயுவைக்கூடத் தாங்கியதில்லை. உள்ளே தண்ணீர்த் தொட்டி, அதில் கவிழ்த்த சொம்புபோல ஒரு பிரம்மாண்ட இரும்புக் கலம். வாயு நிரம்பினால் சொம்பு எழும்பும், செலவானால் அமிழும். ஐரோப்பியக் குளிரிலிருந்து இரும்பையும் நீரையும் காக்க மேலே போர்த்திய சட்டைதான் செங்கல்.

இயற்கை எரிவாயு வந்த பிறகு 1984இல் கலன்கள் ஓய்ந்தன. அதற்கு முன்பே, 1978இல், சட்டைக்கு மரபுச்சின்னப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. உள்ளிருந்த இரும்பைக் கழற்றி எடுத்தார்கள். வெற்றுக் கூடு சில காலம் விழாக்களுக்கும் படப்பிடிப்புக்கும் பயன்பட்டது. 1987இல் வந்த ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்தில்கூடத் தலைகாட்டியது. பிறகு நகரம் ஒரு முடிவெடுத்தது: இதில் ஆட்களைக் குடியமர்த்துவோம். ஒரு கலனுக்கு ஒரு கட்டடக் கலைஞர். 1999இல் தொடங்கி 2001இல் முடிந்தது.

அந்த நால்வரும் எதிர்கொண்டது ஒரே புதிர்தான். அறுபது மீட்டர் விட்டமுள்ள உருளைக்குள் வீடு கட்டினால் நடுவில் இருப்பவருக்கு விடியலே கிடையாது. புறச்சுவரில் இஷ்டத்துக்கு ஓட்டை போட முடியாது, அது மரபுச்சின்னம். ஆகவே வீடுகளைச் சுவரோடு வளையமாக ஒட்டி, நடுவைக் காலியாக விட்டு, கிணற்றுக்குள் இறங்குவதுபோல மேலிருந்து வெளிச்சத்தை இறக்கினார்கள். ஜான் நூவெல் உள்முற்றத்துச் சுவர்களைப் பளபளக்கும் உலோகத்தால் மூடினார். மேலே விழும் கொஞ்சம் வெளிச்சமும் சுவருக்குச் சுவர் தெறித்துக் கீழ்வீடுவரை வரட்டும் என்று. வில்ஹெல்ம் ஹோல்ட்ஸ்பவர் தலைகீழாக யோசித்தார். நடுவில் ஒரு தண்டு, அதிலிருந்து மூன்று கிளை. வீடுகள் கிளைகளில், முற்றங்கள் சுவரோரம். மான்ஃப்ரெட் வேடோர்ன் படிப்படியாகப் பின்வாங்கும் வீடுகளும் பசுமையான உள்முற்றமும் வைத்தார். கூப் ஹிம்மெல்பிளாவ் குழுவினருக்குக் கூட்டுக்குள் அடைந்துகிடக்கப் பொறுமை இல்லை. கலனுக்கு வெளியே, அதன்மேல் சாய்ந்தாற்போல, நடுவில் மடிந்த புதுக் கட்டடத்தையே நிறுத்திவிட்டார்கள். அது அழகா என்று என்னைக் கேட்டால், எனக்கு ஹோல்ட்ஸ்பவரின் மரக்கிளைதான் பிடிக்கிறது. புகைப்படத்தில் எடுபடாத தீர்வு. ஆனால் முற்றங்களைச் சுவருக்கு விட்டதால், பழைய செங்கல்லின் உட்புறத்தைக் குடியிருப்பவர் தினமும் பார்க்கலாம்.

அடித்தளங்களில் வைத்த கடைவீதி தள்ளாடியது. துணிக்கடைகள் போய் இசைப் பள்ளிகளும் இசைக்கருவிக் கடைகளும் வந்தன. வீடுகள் நின்றன. நகரத்தின் வீட்டுவசதி மானியம் அவற்றில் இருந்தது, மாணவர் விடுதி இருந்தது, வாசலிலேயே கஸோமீட்டர் என்ற பெயரில் சுரங்க ரயில் நிலையம் 2000இல் திறந்தது. வேலைக்குப் போகிறவன், படிக்கிறவன் காலையில் எழுந்து ரயில் பிடிக்கும் இடமாக ஆனது எரிவாயுக் கிடங்கு.

அதே சரக்கு, அதே இரும்பு லண்டனில் வேறு கதை சொல்கிறது. கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்த, 19ஆம் நூற்றாண்டில் எழுந்த மூன்று கலன்களுக்குச் செங்கல் சட்டை கிடையாது. கலம் ஏறி இறங்க வழிகாட்டிய வார்ப்பிரும்புத் தூண் சட்டங்கள் மட்டும். அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து, சீர்செய்து, மறுபடி நிறுத்தி, சட்டத்துக்குள் புது உருளைகளைச் செருகினார்கள். 2018இல் 145 வீடுகள் தயாராயின. கட்டட வேலையாக அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த விலைக்கு வாங்கக்கூடியவர் அன்றாடம் ரயில் பிடிப்பவர் அல்ல. பழைய ஆலை வீடாகுமா சொகுசு ஒதுங்கிடமாகுமா என்பதைத் தீர்மானிப்பது கட்டடம் அல்ல, அதில் போட்ட பணம் எந்தப் பையிலிருந்து வந்தது, எவ்வளவு சீக்கிரம் திரும்பிப் போக வேண்டும் என்பதுதான்.

வீடும் ஒதுங்கிடமும் ஒரே மதிலுக்கு இருபுறமும் இருப்பதைப் பார்க்க ஸ்பெயின் போக வேண்டும். பார்சிலோனாவை ஒட்டிய சன் ஜுஸ்ட் தெஸ்வெர்னில், முதல் உலகப்போர்க் காலத்தையொட்டித் தொடங்கி, தேவைக்கேற்ப ஒட்டுப்போட்டு வளர்ந்த சிமென்ட் ஆலை ஒன்று இருந்தது. 1973இல் ரிகார்தோ போஃபில் என்ற கட்டடக் கலைஞர் அதைக் கண்டார். முப்பதுக்கு மேற்பட்ட சிமென்ட் குதிர்கள், எங்கும் போய்ச் சேராத மாடிப்படிகள், அந்தரத்தில் நிற்கும் கான்கிரீட் உத்திரங்கள், தரைக்கடியில் மைல்கணக்கில் இல்லாவிட்டாலும் கணிசமான சுரங்க வழிகள், எல்லாவற்றின் மேலும் சாம்பல் தூசி. அவர் கட்டத் தொடங்கவில்லை. இடிக்கத் தொடங்கினார். வெடியும் சுத்தியலுமாக ஒன்றரை ஆண்டு. கல்லில் இருக்கும் சிலையைச் சிற்பி வெளியே எடுப்பதாக நம் ஊரில் சொல்வோமே, அதையே அவர் நிஜமாகச் செய்தார். எட்டுக் குதிர்கள் மிஞ்சின.

சிமென்ட் குதிருக்கு வாசல் கிடையாது. மேலே ஒரு துளை, கீழே கூம்பு. நெற்குதிரை நினைத்துக்கொண்டால் போதும். உயரத்தைப் பல மடங்காக்கிக்கொள்ளுங்கள். அந்த வட்டச் சுவர்களில் நீண்டு ஒடுங்கிய ஜன்னல்களை அறுத்தெடுத்து, உள்ளே அலுவலகம், நூலகம், ஆவணக் காப்பகம், மாதிரிகள் செய்யும் கூடம் அமைத்தார். ஆலையின் பெரிய கூடத்துக்கு ‘கதீட்ரல்’ என்று பெயர். மேற்கூரையிலிருந்து இன்னும் கான்கிரீட் கூம்புகள் தொங்குகின்றன. அவற்றின் கீழே நீண்ட மேசையில் கூட்டம் நடக்கும், கச்சேரியும் நடக்கும். மேல்பகுதியில் அவர் குடியிருந்தார். சுற்றிலும் யூகலிப்டஸ், பனைவகை மரங்கள், ஒலிவ மரம், சுவரெல்லாம் கொடி. 2022 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறக்குறைய ஐம்பது ஆண்டு, அந்த ஆலை முடிந்துவிட்டதாக அவர் அறிவிக்கவே இல்லை.

ஆலையின் நிலத்திலேயே, அதற்குப் பக்கத்தில், 1975இல் போஃபில் குழுவினர் வால்டன் 7 என்ற குடியிருப்பைக் கட்டி முடித்தார்கள். 446 வீடுகள். உள்முற்றங்களும் பாலங்களுமாகச் செங்குத்தான ஒரு கிராமம். குறைந்த செலவில் கூட்டாக வாழ ஒரு சோதனை. புறச்சுவரில் ஒட்டிய செந்நிற ஓடுகள் சில ஆண்டுகளில் பெயர்ந்து விழத் தொடங்கின. தலையில் விழாமல் இருக்கப் பல ஆண்டுகள் வலை கட்டிவைத்தார்கள். 1990களில் புறச்சுவரைச் சீர்செய்து வண்ணம் பூசினார்கள். புதிதாகக் கட்டியது உதிர்ந்துகொண்டிருந்தபோது, இடித்ததில் மிஞ்சியது கொடி படர்ந்து செழித்துக்கொண்டிருந்தது. போஃபிலைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. 446 குடும்பத்துக்கு வீடு கட்டும்போது ஓட்டின் விலையைக் கணக்குப் பார்த்தாக வேண்டும். தனக்கென்று ஒரு குதிரின் சுவரை அறுக்கும்போது காலத்தையும் பணத்தையும் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. அழகான ஆலை வீடுகளின் படங்களைப் பார்த்து மயங்குபவர்கள், அந்த ஐம்பது ஆண்டுக் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

இந்தியாவில் இந்தப் பேச்சு வேறு திசையில் போனது. மும்பையின் ஜவுளி ஆலைகள் 1982இல் தத்தா சாமந்த் தலைமையில் நடந்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சரிந்தன. நகரின் நடுநெஞ்சில் அத்தனை நிலம். 1991இல் விதி 58 வந்தது: ஆலை நிலத்தை மாற்றிக் கட்டினால் மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்குத் திறந்தவெளியாக, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு, மிச்சம் முதலாளிக்கு. 2001இல் அந்த விதியைத் திருத்தினார்கள். மொத்த நிலத்தையும் பங்கிட வேண்டாம், ஏற்கெனவே காலியாகக் கிடக்கும் நிலத்தை மட்டும் பங்கிட்டால் போதும். ஆலை நிலத்தில் பெரும்பகுதி கட்டடம்தானே. காலி இடம் எவ்வளவு இருக்கும்? 2006இல் உச்ச நீதிமன்றமும் திருத்தம் செல்லும் என்றது. பழைய கட்டடத்துக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு என்று அதுவரை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். வரைபடத்தில் அது நின்றதால் நிலத்தைப் பங்கிட வேண்டியதில்லை என்றானது. பங்கு முடிந்த பிறகு தரையில் அது நிற்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது. அங்கங்கே ஒரு புகைபோக்கியை மட்டும் விட்டுவைத்தார்கள்.

இடிக்காமல் மாற்றியவர்களும் எல்லாவற்றையும் சரியாகச் செய்யவில்லை. 2017 டிசம்பர் இறுதியில் லோயர் பரேலில், பழைய மில் வளாகம் ஒன்றின் மொட்டைமாடி உணவகங்களில் தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள். ஆலையில் கூட்டம் ஒரே சமயத்தில் வரும், ஒரே சமயத்தில் போகும், எல்லோருக்கும் வழி தெரியும். உணவகத்துக்கோ விடுதிக்கோ வருபவருக்கு எந்தக் கதவு எங்கே போகிறது என்று தெரியாது. வெளிச்சத்துக்கு அடுத்து பழைய ஆலையில் பார்க்க வேண்டியது இரண்டாவது மாடிப்படி. அதற்கும் அடுத்து, மண். நிலக்கரி வாயு தயாரித்த இடங்களில் தாரும் சயனைடும் மண்ணில் ஊறியிருக்கும். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக் கூரைகளில் கல்நார் இருக்கும். அப்படிப்பட்ட கூரையை உடைத்துத் தூசி பறக்கவிட்ட பிறகு அதைச் சூழலுக்கு உகந்த மறுபயன்பாடு என்று சொல்வதில் அர்த்தமில்லை.

சென்னைக்காரர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் என்று இரண்டு பின்னி ஆலைகள். 1918இல் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் கூடி சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியது அந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். 1996இல் ஆலைகள் மூடின. அதற்குப் பிறகு நம்மில் பலர் அந்தக் கூடங்களைப் பார்த்தது சினிமாவில்; கதாநாயகன் அடியாட்களைத் தூண்களுக்கிடையே புரட்டியெடுக்கும் கட்டத்தில். இப்போது அந்த நிலத்தில் அடுக்குமாடிகள் எழுகின்றன. வீடுகள்தான், ஆனால் பழைய கூடங்களில் அல்ல.

மறுபடி கந்தப்பளைக்கு வருகிறேன். அங்கே தங்குபவர்கள் விரும்பினால் சேலையோ சாரமோ உடுத்தி, முதுகில் கூடை மாட்டி, பக்கத்துச் சரிவில் கொழுந்து பறிக்கலாம். அது வளாகத்திலேயே இருக்கும் சின்ன ஆலையில் வாடி, உருண்டு, உலர்ந்து, பொட்டலமாகி, ஊருக்குக் கொண்டுபோகக் கிடைக்கும். கேலிசெய்ய எளிதான காட்சி. ஆனால் அதில் ஒரு நேர்மையும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஒரு தேநீருக்குப் பின்னால் எத்தனை விரலசைவு என்பது அரை மணி நேரத்தில் இடுப்புக்குத் தெரிந்துவிடும். என் உறுத்தல் வேறிடத்தில் இருக்கிறது. ஆலையை விடுதியாக்கும்போது விசிறியைக் காப்பாற்றினார்கள், எஞ்சினைக் காப்பாற்றினார்கள், ஜன்னல் வரிசையைக் காப்பாற்றினார்கள். எல்லாம் ஆலைக்குள் இருந்தவை. தேயிலைத் தொழிலின் இன்னொரு கட்டடம் ஆலைக்கு வெளியே இருந்தது. அதன் பெயர் லயம்.

19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து நடந்தும் படகேறியும் போனவர்களுக்காகத் துரைமார் கட்டிய வரிசை வீடு அது. வீடு என்பதைவிட, அங்கே சொல்வதுபோல, காம்பரா. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது வழக்கமான அளவு. முன்னால் ஒரு இஸ்தோப்பு, அதாவது திண்ணை. பல லயங்கள் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை. என் பின்சுவர்தான் உன் பின்சுவர். அப்படிப்பட்ட அறையில் முன்வாசலில் நுழைந்த காற்று வெளியேற வழியில்லை. அதே தோட்டத்தில், அதே முதலாளி, கொழுந்துக்கு இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகும் காற்றை அளந்து கட்டிக்கொடுத்திருந்தார். வாடாத கொழுந்து நஷ்டம். ஆட்கள் விஷயத்தில் அப்படி ஒரு கணக்கு ஏட்டில் ஏறவில்லை.

1948இல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இவர்களில் மிகப் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்டன. பிறகு கப்பலேறித் தமிழ்நாட்டுக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கொழுந்து பறித்தார்கள். ஹெதர்செட் ஆலையின் இயந்திரங்களைக் கழற்றிய அதே ஆண்டுகளில் மலையகத்தின் லயங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்களும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

லயத்தையும் மரபுக் கட்டடம் என்று காப்பாற்ற வேண்டுமா? அங்கே இன்று குடியிருப்பவரிடம் போய் இதைக் கேட்க எனக்கு வாய் வராது. அவர்களுக்கு வேண்டியது ஒரு துண்டுக் காணியும் தனி வீடும் அதற்கு உறுதிப்பத்திரமும். அரசுத் திட்டத்திலும் இந்திய உதவித் திட்டத்திலும் அப்படிச் சில ஆயிரம் வீடுகள் கட்டப்பட்டன. காத்திருப்பவர்கள் அதைவிடப் பல மடங்கு. மழையில் ஒழுகும் கூரையை வரலாறு என்று சொல்லி அவர்கள் தலைமேல் நிறுத்திவைக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் எல்லா லயமும் இடிந்து, எல்லா ஸ்டோரும் விடுதியாகிவிட்டால், தேயிலை விசிறியும் எஞ்சினும் சேர்ந்து தானாக விளைவித்த பயிர் என்று பேரப்பிள்ளைகள் நினைத்துக்கொள்ளக்கூடும்.

கண்டிக்கு மேலே ஹந்தானையில், 1925இல் கட்டிய தேயிலை ஆலை ஒன்று பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்து, 2001இல் தேயிலை அருங்காட்சியகமானது. உருட்டும் இயந்திரங்கள், சலிப்பான்கள், எஞ்சின்கள், 1867இல் லூல்கந்துரவில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருட்கள். மேல்மாடியில், கொழுந்து வாடிய உயரத்தில், உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம். நாலு பக்கமும் ஜன்னல், மலை தெரியும்.

கம்பளைக்கு அருகே பீகொக் தோட்டத்தில் இன்னொரு அருங்காட்சியகம் இருக்கிறது, தோட்டத் தொழிலாளர்களுக்கானது. மலையகத்துக்காக இயங்கும் ஒரு தொண்டு நிறுவனம் அமைத்தது. அதற்கு ஆலை கிடைக்கவில்லை. பழைய லயத்துக் காம்பராக்களிலேயே வைத்திருக்கிறார்கள். தோட்டத்துக் கருவிகள், வீட்டுச் சாமான்கள், பழைய ஆவணங்கள். பள்ளிப் பிள்ளைகள் ஒரு வகுப்பு முழுவதும் சேர்ந்து வந்தால் ஒரேயடியாக உள்ளே போக முடியாது. பாதிப் பேர் பார்த்துவிட்டு வரும்வரை மீதிப் பேர் இஸ்தோப்பில் நிற்க வேண்டும்.